அம்மாவுக்கு ஏலாது என்று சொன்னவனுக்கு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் சாப்பிடாமல் எழும்பி வந்ததற்கு நான் வருத்தப்பட்டதாக முதலில் மருமகள் சுகந்தியிடம் சொல்லு. அவள் வைத்த கணவாய்க் கறிக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்லை. பகை உன்னோடுதான். ஒஷாவாவில் உன் வீட்டில் இருந்து வெக்ஸ்போர்ட்டில் என் வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் காரை ஓட்டிவந்தாய். இறங்கும்போது மட்டும், "அம்மா, ஆறுதலா யோசிச்சுப் பாருங்கோ" என்றாய். மூன்று நாளாக ஆறுதலாகத்தான் யோசிக்கிறேன். யோசிக்க யோசிக்கக் கோபம் கூடிக்கொண்டு வருகிறது. ரெலிபோனில் சொன்னால் நீ இடையில் புகுந்து, "ஓகே அம்மா, ஓகே" என்று சொல்லிச் சொல்லியே என் கதையை முடித்துவிடுவாய். கடிதத்துக்குள் உன்னால் புக முடியாது. அதனால் எழுதுகிறேன், கடைசி வரைக்கும் வாசி.

இதில் ஒரு பிரதியைத் தமிழ்க் கடை வாசல்களில் சும்மா கிடக்கிற பத்திரிகைக்கும் அனுப்பலாம் என்று இருக்கிறேன். உன்னைப் போன்ற பிள்ளைகள் ஸ்காபரோ முழுக்க இருக்கிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும். பயப்படாதே, உன் பெயரும் என் பெயரும் போடமாட்டேன், சுகந்தியின் பெயரையும் எடுத்துவிடுவேன். உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி ஊருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இந்த ஒரு வரி விளங்கினால் மிச்சக் கடிதத்தை நீ வாசிக்கவே தேவையில்லை. ஆனால் உனக்கு விளங்காது, எனக்குத் தெரியும்.

என்ன செய்தாய் என்று சொல்கிறேன். நான் வந்து இருக்க என்று நீ திருத்தி வைத்த பேஸ்மென்ருக்கு என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனாய். புதுக் கார்ப்பெற், புது ரீவி, குளிக்கிற தொட்டியில் பிடித்துக்கொண்டு எழும்ப ஒரு கம்பி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி வேறு. "ஏதும் எண்டால் அடியுங்கோ அம்மா, மேலை எங்களுக்குக் கேக்கும்" என்றாய். எனக்கு அறுபத்திரண்டு வயது. மணி அடித்து ஆளைக் கூப்பிடுகிற நிலைக்கு நான் எப்போது வந்தேன் என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போதே அடுத்ததைச் சொன்னாய். "அம்மா, வெள்ளிக்கிழமை உங்கட வேலைக்குப் போன் பண்ணிக் கதைச்சிட்டன். அம்மாவுக்கு இனி ஏலாது, மாசியிலை படியிலை விழுந்தவ, உங்களுக்குச் சொல்லமாட்டா எண்டு சொன்னனான். அவை நல்ல சனம். ஏப்ரல் முடியிறதோடை நிக்கலாமாம்." இதையெல்லாம் எனக்குப் பிறந்தநாள் பரிசு தருகிற முகத்தோடு சொன்னாய். அந்த முகத்தைப் பார்த்ததால்தான் அங்கேயே கத்தாமல் மேலே ஏறி வந்து சப்பாத்தைப் போட்டேன்.

திங்கட்கிழமை யூதக் கோயிலுக்குத் துப்புரவு வேலைக்குப் போனேன். கந்தோர் மேசையில் இருக்கிற பெண் ஓடிவந்து என் கையில் இருந்த வாளியைப் பிடுங்கினாள். கதிரை கொண்டுவந்து போட்டாள். பத்து வருடமாக என்னோடு சாதாரணமாகக் கதைத்தவள் அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாக, உரத்து, எனக்குக் காது கேட்காது என்பதுபோலக் கதைத்தாள். மத்தியானம் சபைத் தலைவர் வந்தார், அந்தப் பல் வைத்தியர். என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு காலம் செய்ததற்கு நன்றி என்றார். பஸ்காப் பண்டிகைக்கு முந்திய பெரிய துப்புரவுக்கு வெளியில் இருந்து ஒரு கொம்பனியைப் பிடித்துவிட்டார்களாம், நான் ஒன்றையும் தொடத் தேவையில்லையாம். அந்தத் துப்புரவு என்ன என்று உனக்குத் தெரியும். ஒரு பாண் துகள் எங்கேயாவது மிஞ்சக் கூடாது. அலுமாரி, அடுப்பு, கதிரைக்குக் கீழே, புத்தகங்களுக்கு நடுவே எல்லாம் பார்க்க வேண்டும். பத்து வருடம் அதை நான் செய்தேன், ஒருவரும் ஒரு துகள் கண்டுபிடித்ததில்லை. இப்போது நான் கதிரையில் இருந்து வேடிக்கை பார்க்க வேண்டுமாம். ஒரு ரெலிபோனில் என்னைப் பாவமாக்கிவிட்டாய்.

நீ என்ன கேட்பாய் என்று தெரியும். "நான் பொய்யா சொன்னனான்?" என்பாய். இல்லை. மாசி மாதம் பின்படியில் விழுந்தது உண்மை. முழங்கால் மடங்காததும் உண்மை, அதை மறைத்ததும் உண்மை. நீ பொய் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை, "உவன் விசரன், பொய் சொல்லுறான்" என்று தலைவரிடம் சொல்லிவிட்டு நான் என்பாட்டில் வேலையைப் பார்த்திருப்பேன். உண்மையைச் சொன்னாய், அதுதான் பிரச்சினை. இதை உனக்கு விளங்கப்படுத்த எனக்கு றபாயின் கதையை விட்டால் வேறு வழியில்லை. நான் ஒருவருக்கும் சொல்லாத கதை, ஏனென்றால் அதில் பிழை செய்தவள் நான்.

நான் வேலை செய்கிற இடத்தை அவர்கள் வேறு பெயரால் சொல்வார்கள், எனக்கு அது யூதர்களின் கோயில். பத்தர்ஸ்ற் தெருவில் இருந்து உள்ளே போகிற ஒரு சின்னத் தெருவில், பார்த்தால் பழைய பள்ளிக்கூடம் என்று நினைக்கிற ஒரு கட்டடம். உனக்குத் தெரிந்த றபாய், நான் பண்டிகைக் காலத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்த தேன் கேக்கைத் தந்துவிட்ட மனிதர். எனக்குத் தெரிந்த றபாய் பெரிய கரைச்சல் பிடித்த ஆள். அவர் அங்கே இரண்டு வேலை பார்த்தார். றபாய் என்றால் மதகுரு. சட்டம் சொல்லுவார், கலியாணம் செய்துவைப்பார், செத்தவரை அடக்கம் செய்வார், சனிக்கிழமை பிரசங்கம் வைப்பார். கன்ரர் என்று இன்னொரு பதவி இருக்கிறது. முன்னுக்கு நின்று வழிபாடு முழுவதையும் பாடி நடத்துகிறவர். பெரிய கோயில்களில் இதற்கு இரண்டு ஆட்கள். எங்களுடையது சின்னக் கோயில், இரண்டும் அவர்தான். ஆனால் இரண்டும் அவருக்கு ஒன்றல்ல. "றபாய் எண்டது என்ர வேலை. பாடுறதுதான் நான்" என்று சொல்வார். அவர் கதைத்தது அவருடைய உடைந்த ஆங்கிலம், நான் கேட்டது என்னுடைய அரைகுறை ஆங்கிலம், அதனால் இரண்டையும் எங்கட பேச்சிலேயே எழுதிவிடுகிறேன்.

அந்தத் தொண்டைக்காக அவர் செய்த அரியண்டம் கொஞ்சமில்லை. ஆடி மாத வெக்கையிலும் கழுத்தில் சால்வை. காலையில் ஒரு பச்சை முட்டையை உடைத்து அப்படியே குடிப்பார், கோதைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டுப் போவார், எடுத்துப் போடுவது நான். எந்தக் கதவைத் திறந்தாலும் காற்றடிக்கிறது என்பார். நான் வக்கியூம் போட்டால் அறையில் இருந்து ஓடிவந்து, "அதின்ர சுதி என்ர சுதியைக் கெடுக்குது, நிப்பாட்டும்" என்பார். நிறுத்தினால், "ஏன் இன்னும் கூட்டேல்லை?" என்பார். பண்டிகை நெருங்கினால் வெறும் மண்டபத்தில் நின்று பாடிப் பழகுவார். அப்போது என்னைக் கொண்டுபோய்க் கடைசி வரிசையில் நிற்கவைப்பார். அங்கே கேட்டால் நான் கையைத் தூக்க வேண்டும். எனக்குக் கீழே கழுவக் கிடக்கும், பாலுக்கு ஒரு பக்கம் இறைச்சிக்கு ஒரு பக்கம் என்று பாத்திரங்கள் பிரித்து அடுக்கக் கிடக்கும், நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். இப்படி ஆறு வருடம் நின்றேன். அந்தப் பாசை எனக்கு ஒரு சொல் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் ஏறும், எந்த இடத்தில் இறங்கும், எங்கே அவர் மூச்சு எடுப்பார் என்று எல்லாம் தெரியும்.

நடுவில் நிறுத்திவிட்டுத் தன் கதை சொல்லுவார். அவர் பிறந்த ஊர் ஹங்கேரிக்கும் ருமேனியாவுக்கும் இடையில் கைமாறிக்கொண்டே இருந்த ஒரு மலைப்பக்கத்து ஊர். தகப்பன் தோல் வியாபாரி, மகன் பாடித் திரிவது அவருக்குப் பிடிக்காது. வீட்டில் ஏழு பேர். யுத்தம் முடிந்தபோது இவர் மட்டும்தான். மற்றக் கதைகளை எல்லாம் எனக்கு நாற்பது தரம் சொன்னவர், இதை ஒரே ஒரு தரம்தான் சொன்னார். நானும் திருப்பிக் கேட்கவில்லை. நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து எப்படி வந்தோம் என்று அவரும் என்னைத் தோண்டவில்லை. யுத்தம் முடிந்து ஜெர்மனியில் அகதி முகாமில் கிடந்தபோது அவர்களுடைய புது வருடம் வந்ததாம். பாடி நடத்த ஒருவரும் மிஞ்சவில்லை. இவருக்கு அரைவாசிதான் தெரியும், மிச்சத்தை முன்னுக்கு இருந்த கிழவர்கள் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்கப் பாடினாராம். அன்றைக்கு முடிவெடுத்ததுதான். பிறகு கப்பல் ஏறி, மொன்றியலில் படித்து, வட ஒன்ராறியோவில் ஒரு சுரங்க ஊருக்கு முதல் வேலைக்குப் போனார். முப்பது குடும்பம், அவர்களுக்கு எல்லாமே இவர்தான். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறது, முறைப்படி கோழி அறுக்கிறது, கலியாணம், சாவீடு. "காலமை கோழி அறுத்த கையாலை பின்னேரம் தாலி... இல்லை, உங்கட ஆக்களுக்குத்தானே தாலி" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். சுரங்கம் படுக்க, குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போக, கடைசியில் இவரே கதவைப் பூட்டி, வேதச் சுருளைத் துணியில் சுற்றி மனைவியின் மடியில் வைத்துக்கொண்டு ரொறொன்ரோவுக்குக் கார் ஓட்டிவந்தார். நான் வேலைக்குச் சேர முந்தியே மனைவி காலமாகிவிட்டா. மொன்றியலில் ஒரு மகள். இங்கே அவருக்கு அந்த மேடையும் தொண்டையும்தான்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஆவணி மாதம். அவர்களுக்குப் பாவமன்னிப்பு நாள் என்று ஒரு பெரிய விரத நாள் இருக்கிறது. அது தொடங்குகிற மாலையில் ஒரே பாட்டை மூன்று தரம் பாட வேண்டும். முதல் தரம் மெல்ல, இரண்டாம் தரம் கொஞ்சம் உரத்து, மூன்றாம் தரம் முழுக் குரலில். சனம் முழுக்க அந்த ஒரு மாலைக்காகத்தான் வரும், வருடம் முழுக்க வராததுகளும் வரும். அந்த ஆவணியில் பாடிப் பழகும்போது மூன்றாம் தரத்தில் அவருக்குக் குரல் உடைந்தது. ஒரு நாள் என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் உடைந்தது. செருமுவார், நான் தரைக்குப் போட்ட மெழுகின் மணம் என்பார், மறுபடி தொடங்குவார், மறுபடி உடையும். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அப்போதுதான் தலைவரான பல் வைத்தியர் மண்டபத்து ஏசி வேலை செய்கிறதா என்று பார்க்க வந்தார். போகிற போக்கில், "றபாய் எப்பிடி, பாட்டு எப்பிடிப் போகுது?" என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன், "பாவம் சேர், அவருக்கு இப்ப ஏலாது. மூண்டாந்தரம் பாடேக்கை தொண்டை உடையுது. ஆரும் பக்கத்திலை நிண்டால் நல்லம்."

நான் என்ன நினைத்துச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும், நீயும் இந்தச் சனத்தில் பிறந்த பிள்ளைதான். எங்கட ஆட்கள் ஒருவரைப் பற்றி "பாவம், ஏலாது" என்று சொல்வது அவருக்கு ஒரு கதிரை இழுத்துப் போடத்தான். அவரை எழுப்பிவிட இல்லை. நாங்கள் பெருமையாக ஒன்றும் சொல்லமாட்டோம், கண்பட்டுவிடும். குறைத்துத்தான் சொல்லுவோம், கேட்கிற ஆள் அதைக் கூட்டிப் புரிந்துகொள்வார். இந்த நாட்டில் அப்படி ஒருவரும் கூட்டிக் கழிப்பதில்லை. சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். இதை நான் அதற்கு முந்தியே படித்திருக்க வேண்டும், படிப்பித்தவன் நீ. ஒன்பதாம் வகுப்புக்கு நீ போக முந்தி உன் கணக்கு ரீச்சர் என்னைக் கூப்பிட்டு உன்னைப் புகழ்ந்தா. நான் என்ன சொன்னேன்? "ஐயோ, அவன் வீட்டிலை ஒண்டும் படிக்கிறேல்லை மிஸ், மண்டையிலை ஏறாது, நீங்கள்தான் பாத்துக்கொள்ள வேணும்." அவ பாவம், தலையாட்டிக்கொண்டு எழுதினா. அடுத்த வருடம் உன்னைக் கீழ்ப் பிரிவில் போட்டார்கள். அதில் இருந்து மேலே ஏறிவர உனக்கு ஒரு முழு வருடம் போனது. பள்ளிக்கூடம் அனுப்பிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் நின்று நீ அழுதது எனக்கு இன்னும் தெரியும். "என்னைப் பற்றி ஏன் நீங்கள் சொன்னனீங்கள்? என்னை ஒரு சொல்லுக் கேட்டனீங்களே?" என்று கத்தினாய். அன்றைக்கு உனக்குப் பதினாலு வயது, இது விளங்கியிருந்தது. இப்போது முப்பதைத் தொடுகிறாய், வீடு வாங்கிவிட்டாய், மறந்துவிட்டாய்.

இரண்டு கிழமையில் அவர்கள் ஒரு இளம் கன்ரரைப் பிடித்தார்கள். வடக்கே புதுக் குடியிருப்புகளில் கட்டின பெரிய கோயில் ஒன்றில் உதவியாளனாக இருந்த பொடியன். றபாய் தொடர்ந்து றபாயாக இருக்கலாம், பிரசங்கம் வைக்கலாம், சட்டம் சொல்லலாம், பாட மட்டும் தேவையில்லை என்று கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். அவர் எதிர்த்தபோது தலைவர், "உங்கள் குரல் உடைவது தரை துடைக்கிற பெண்ணுக்கே கேட்கிறது" என்றாராம். அடுத்த நாள் காலையில் அவர் என்னிடம் வந்தார். சால்வை இல்லை. "நீர் சொன்னனீரோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். விளக்கம் சொல்ல வாய் திறந்தேன், அவர் நிற்கவில்லை. நான் அன்று மத்தியானமே தலைவரின் பல் வைத்தியசாலைக்கு பஸ் பிடித்துப் போய், அவரால் ஏலும், நான் சொன்னது பிழை என்று சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு மரியாதையாகத்தான் கதைத்தார். நான் கோயிலுக்குப் பெரிய உதவி செய்துவிட்டேன் என்றும் இதை மனதில் வைத்துக் கவலைப்படக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கப் போனவளுக்கு நன்றி சொல்லி அனுப்பினால் அவள் என்ன செய்வாள்.

அந்த விரத நாளுக்கு முந்தி அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆண்டவனுக்குச் செய்த பிழையை ஆண்டவன் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், அவனிடம் நேரே போய்க் கேட்க வேண்டும். அந்த நாட்களில் அறைகளுக்கு நடுவே போகிற நடை ஓடையில் நின்று ஒருவரிடம் ஒருவர் கேட்பதை நான் கண்டிருக்கிறேன், அண்ணன் தம்பிகள், கடை பங்காளிகள். மறுத்தால் திரும்பவும் கேட்க வேண்டும். மூன்று தரம் மனதாரக் கேட்டும் மறுத்தால் அதற்குப் பிறகு பிழை மறுத்தவன் பக்கம். இதைக் கந்தோர்ப் பெண் எனக்கு விளங்கப்படுத்தினாள். நான் அவர்களுடைய ஆள் இல்லை, ஆனால் வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் தரம் ஓடையில் வைத்துக் கேட்டேன். "இல்லை" என்றார், அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இரண்டாம் தரம் அவர்களுடைய புது வருடம் முடிந்து கேட்டேன். "வேலை போயிடும் எண்ட பயத்திலை கேக்கிறீர்" என்றார். எனக்கும் கோபம் வந்தது. "வேலை போனால் இன்னொரு கிளீனிங் வேலை எடுப்பன் றபாய். ஸ்காபரோவிலை ஒஃபிஸ் கட்டடத்துக்குக் குறைவில்லை" என்றேன். அவர் திரும்பி நடந்தார். மனுசனுக்கு அவ்வளவு பிடிவாதம், அன்றைக்கு அந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தால் எனக்கு நல்லது என்றுதான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் தரம், அந்த விரதம் தொடங்குகிற அன்று காலை. மாலையில் சனம் வந்துவிடும், பொடியனும் வந்துவிடுவான், நான் கதிரைகள் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து முன்வரிசையில் இருந்தார். நான் துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "இது மூண்டாவது. விதி தெரியுமோ?" என்றார். "தெரியும். இனி நீங்கள் மன்னிக்காட்டில் பிழை உங்களுக்கு" என்றேன். கொஞ்சம் சிரித்தார். பிறகு, "போய்க் கடைசி வரிசையிலை நில்லும்" என்றார். போய் நின்றேன். அவர் மேடையில் ஏறி அந்தப் பாட்டைப் பாடினார். முதல் தரம். இரண்டாம் தரம். மூன்றாம் தரம் அதே இடத்தில் உடைந்தது. அவர் நிறுத்தவில்லை, உடைந்த குரலோடேயே முடித்தார். முடித்துவிட்டு என் கையைப் பார்த்தார். எனக்குக் கையைத் தூக்குவதா விடுவதா என்று தெரியவில்லை, தம்பி. தூக்கினால் பொய், தூக்காவிட்டால் மறுபடி அதே சொல். நான் இரண்டு கையையும் சட்டையில் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவர் இறங்கி வந்து எனக்கு முன்னால் இருந்த வரிசையில் இருந்தார். சத்தம் போடவில்லை. "எனக்குத் தெரியும். போன வருசமே தெரியும்" என்றார். "இந்த வருசமும் பாடி முடிச்சு, உந்த மேடையிலை நிண்டு, எல்லாச் சனத்துக்கும் முன்னாலை நானே சொல்ல இருந்தனான், இதுதான் கடைசி எண்டு. எழுதியும் வைச்சனான். நாப்பத்தெட்டு வருசம் பாடினவன் அதைத் தன்ர வாயாலை சொல்ல வேணும். நீர் பொய் சொல்லேல்லை. எனக்கெண்டு இருந்த சொல்லை நீர் சொல்லிப்போட்டீர்." பிறகு எழும்பி, "மன்னிச்சிட்டன். போய்க் கதிரையைத் துடையும்" என்றார். அன்று மாலை பொடியன் பாடினான். நன்றாகப் பாடினான், மூன்று தரமும் குரல் உடையவில்லை, அதை நான் ஒளிக்கமாட்டேன். நான் கதவுத் திறப்புக் கோர்வையோடு பின்கதவில் நின்றேன். றபாய் தன் நாற்காலியில் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் பிரசங்கம் வைத்தார், அடக்கம் செய்தார், என்னோடு கதைத்தார், கதவைப் பற்றி முறையிட்டார். ஆனால் வக்கியூமை நிறுத்தச் சொல்லவேயில்லை. பிறகு மகளிடம் மொன்றியலுக்குப் போனார். போன வருடம் அங்கே காலமானார் என்று கந்தோரில் சொன்னார்கள்.

மன்னித்தார்தான். எனக்கு அது போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை. எழுதி வைத்திருந்தேன் என்றாரே, அந்தக் கடதாசியில் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் அந்த மாலை உடைந்த குரலில் பாடியிருப்பார், சனம் கொஞ்சம் நெளிந்திருக்கும், பிறகு அவர் அதை வாசித்திருப்பார். அவ்வளவுதான். ஒருவருக்கும் ஒன்றும் குறைந்திருக்காது. நான் இரக்கப்பட்டதால் ஒரு மனிதனின் கடைசி நாள் அவன் கையை விட்டுப் போய்விட்டது. நீ என்னில் இரக்கப்படுகிறாய். எனக்கு அது தெரியும். கம்பி பூட்டும்போது அது என் பாரத்தைத் தாங்குமா என்று நீயே தொங்கிப் பார்த்ததாகச் சுகந்தி சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு உன்னை அணைக்க வேண்டும் போல இருந்தது. அதோடு சேர்த்துக் கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் எப்படிச் சாப்பிடுவது.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு ஏலாதுதான். மாசியில் விழுந்ததற்கு முந்தியே தெரியும். வாளியைத் தூக்கிக்கொண்டு படி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு எடுக்கிறேன், யாராவது வந்தால் கைப்பிடியைத் துடைக்கிற மாதிரி நடிக்கிறேன். இந்தப் பஸ்காத் துப்புரவைச் செய்து முடித்து, ஒரு துகள் இல்லை என்று அவர்கள் பார்த்துச் சொன்ன பிறகு, தலைவரிடம் நானே போய்ச் சொல்ல இருந்தேன். போட வேண்டிய சேலைகூட எடுத்துவைத்துவிட்டேன், நீ கலியாணத்துக்கு எடுத்துத் தந்த பச்சைச் சேலை. உன்னிடமும் அதற்குப் பிறகுதான் சொல்ல இருந்தேன். நீ முந்திவிட்டாய்.

ஆனால் றபாய்க்கு இல்லாதது எனக்கு இருக்கிறது, நாள் இன்னும் போகவில்லை. வருகிற கிழமைதான் அந்தக் கொம்பனி வருகிறது. நீ இந்தக் கடிதத்தை வாசித்து முடித்த உடனே கந்தோருக்குப் போன் எடு. அம்மாவைக் கேட்காமல் சொன்னேன், அது என் பிழை, அம்மாவின் வேலையைப் பற்றி அம்மாவைக் கேளுங்கள் என்று சொல்லு. அம்மாவுக்குச் சுகம் வந்துவிட்டது என்று புதுப் பொய் ஒன்று சொல்லாதே. காரணம் ஒன்றும் தேவையில்லை. அவர்கள் நன்றி சொல்லி உன்னை அனுப்பப் பார்ப்பார்கள், போனை வைக்காதே, திரும்பவும் சொல்லு. மூன்று தரம் சொல்ல வேண்டி வந்தாலும் சொல்லு. துப்புரவை நான்தான் செய்வேன். வேண்டுமென்றால் அந்தக் கொம்பனிக்காரர் வாளி தூக்கட்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று நான் காட்டுவேன்.

அது முடிய ஒரு நாள் பச்சைச் சேலையோடு தலைவருக்கு முன்னால் போய் நிற்பேன். கதிரை தந்தாலும் இருக்கமாட்டேன். எனக்கு இனி ஏலாது என்று என் வாயால் சொல்லுவேன். அன்றைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு நீ காரோடு வந்து வாசலில் நில். நான் ஏறிக் கதவைச் சாத்தின பிறகு, எங்கே போவது, ஒஷாவாவுக்கா வெக்ஸ்போர்ட்டுக்கா என்று என்னைக் கேள்.

அம்மா